மினி ரெட்ரோ கன்சோல் வாங்கலாமா, எமுலேட்டரே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம் கன்சோலை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கேம்களையும் உள்ளேயே ஏற்றி விற்பதுதான் மினி கன்சோல். 2016 நவம்பரில் நின்டெண்டோவின் என்.இ.எஸ். கிளாசிக் வந்த பிறகு இது சூடு பிடித்தது. அதே கேம்களைக் கணினியிலோ போனிலோ எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டும் ஆட முடியும். இரண்டில் எது தேவை என்று முடிவெடுக்க உதவும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

மினி கன்சோலுக்குள் இருப்பது அந்தக் காலத்து சிப்தானா?

இல்லை. உள்ளே ஓடுவதும் எமுலேட்டர்தான். என்.இ.எஸ். கிளாசிக்கைத் திறந்தால் ஆல்வின்னர் ஆர்16 என்ற நாலு கோர் ஏஆர்எம் சிப், 256 எம்பி ரேம், 512 எம்பி நினைவகம், இவைதான் இருக்கும். மலிவான டேப்லெட்டுகளில் போடும் ரகம். மேலே லினக்ஸ், அதற்கு மேல் நின்டெண்டோவின் ஐரோப்பியப் பிரிவு எழுதிய எமுலேட்டர். 2017-இல் வந்த சூப்பர் என்.இ.எஸ். கிளாசிக்கிலும் இதே போர்டுதான்; வெளிக்கூடும் மென்பொருளும்தான் வேறு.

பிளேஸ்டேஷன் கிளாசிக் இன்னும் ஒரு படி மேல். சோனி அதில் போட்டது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற திறந்த மூல எமுலேட்டரை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய அதே மென்பொருள். ஆகவே "மினியில் அசல், கணினியில் போலி" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறகு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

மூன்று காரணங்கள் உண்மையாகவே நிற்கும். ஒன்று, உரிமத்தோடு வரும் கேம்கள். எங்கிருந்து எடுத்தோம் என்ற உறுத்தல் கிடையாது. இரண்டு, கன்ட்ரோலர். சூப்பர் என்.இ.எஸ். கிளாசிக்கோடு வரும் கன்ட்ரோலரின் திசைப் பட்டனும் பிடிமானமும் அசலுக்கு மிக நெருக்கம். மலிவு விலை யுஎஸ்பி நகல்களில் மேலே அழுத்தினால் பக்கவாட்டிலும் பதிவாகும் தொல்லை சகஜம். மூன்று, செட்டப் வேலையே இல்லை. எச்டிஎம்ஐ, பவர், இரண்டு வயரும் செருகினால் அரை நிமிடத்தில் கேம் ஓடும். கணினி பக்கமே போகாத ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பதானால் மூன்றாவது காரணம் மட்டுமே போதும்.

இந்த மூன்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் எமுலேட்டரே போதும். எதையும் வாங்குவதற்கு முன், இருக்கிற லேப்டாப்பில் ஒரே ஒரு மாலை, பல எமுலேட்டர்களை ஓட்டும் இலவச மென்பொருளான ரெட்ரோஆர்ச் போட்டு ஆடிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டால் மினி கன்சோலும் அலமாரியில்தான் உட்காரும்.

எந்த மினி வாங்கத் தகுந்தது?

சூப்பர் என்.இ.எஸ். கிளாசிக், சேகா மெகா டிரைவ் மினி. இந்த இரண்டுக்கும் தயங்காமல் ஆம் சொல்லலாம்.

முதலாவதில் 21 கேம்கள்தான், ஆனால் பொறுக்கியெடுத்த பட்டியல். தொண்ணூறுகளில் முடித்து வெளியிடாமலே கிடப்பில் போட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2 முதன்முதலில் அதிகாரபூர்வமாக வந்ததும் இதில்தான். (பின்னாளில் நின்டெண்டோ ஸ்விட்ச் சந்தாவிலும் சேர்த்துவிட்டார்கள், அந்த ஒன்றுக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை.) மெகா டிரைவ் மினி 2019-இல் வந்தது, 42 கேம்கள். எம்2 என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த வேலை. பழைய கேம்களை மறுபதிப்பு செய்வதில் அவர்களுக்கு நிகர் சிலர்தான். ஒன்றைக் கவனியுங்கள்: ஜப்பான் பதிப்போடு ஆறு பட்டன் கன்ட்ரோலரும், அமெரிக்க, ஐரோப்பியப் பதிப்புகளோடு மூன்று பட்டன் கன்ட்ரோலரும் வரும். சண்டை கேம் ஆடுபவர்களுக்கு மூன்று பட்டன் போதவே போதாது. கன்ட்ரோலர் யுஎஸ்பி வகை என்பதால் ஆறு பட்டன் ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம்; கணினியிலும் அதுவே உதவும்.

என்.இ.எஸ். கிளாசிக்கில் 30 கேம்கள். நல்ல பொருள்தான், ஆனால் வயர் பிரச்சினை உண்டு, கீழே பார்க்கவும். அதன் ஜப்பான் பதிப்பான ஃபேமிகாம் மினியை ஆடுவதற்காக வாங்காதீர்கள். கன்ட்ரோலர்களையும் பொம்மை அளவுக்குச் சுருக்கி, உடம்போடு சேர்த்தே பிணைத்துவிட்டார்கள். பெரியவர் கட்டைவிரலுக்கு அந்தப் பட்டன்கள் அடங்காது.

இன்னொரு ரகமும் உண்டு: தி சி64 மினி, ஏ500 மினி போன்றவை. நம்மிடமுள்ள கேம் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டுச் செருகினால் எந்த ஹேக்கிங்கும் இல்லாமல் அவை எடுத்துக்கொள்ளும். பழைய கொமடோர், அமிகா கணினிகளை எமுலேட்டரில் அமைப்பது, விசைப்பலகையும் டிஸ்க் மாற்றமும் சேர்ந்து, சற்றே குழப்பமான வேலை. அங்கே மினி வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பிளேஸ்டேஷன் கிளாசிக் ஏன் இவ்வளவு திட்டு வாங்கியது?

2018 டிசம்பரில் 20 கேம்களோடு வந்தது. அதில் ஒன்பது கேம்கள் ஐரோப்பாவுக்கான 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள். நொடி பிசகாமல் அடிக்க வேண்டிய சண்டை கேமான டெக்கன் 3-உம் அதில் ஒன்று.

இது ஏன் உறுத்துகிறது என்றால், டிவி நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கிறது. கேமோ 50 படம்தான் தருகிறது. அந்த இடைவெளியை அடைக்க ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு தடவை காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா பக்கவாட்டில் நகரும்போது சீராக ஓடாமல் நொடிக்குப் பத்துத் தடவை லேசாகத் தடுக்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள் பல, வேகத்தைச் சரிக்கட்டாமல் வந்தவை. ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 60 ஹெர்ட்ஸில் ஆடிப் பழகிய கைக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிடும். அனலாக் குச்சிகள் இல்லாத கன்ட்ரோலரைக் கொடுத்தது தனிக் குறை.

அப்படியே ஆட இதை வாங்க வேண்டாம். மாற்றி அமைக்கத் தெரிந்தவருக்குக் குறைந்த விலையில் கிடைத்தால் நல்ல பெட்டி; 1 ஜிபி ரேமும் 16 ஜிபி நினைவகமும் நின்டெண்டோ மினிகளில் இல்லாதவை.

கன்ட்ரோலர் வயர் சோபா வரை எட்டவில்லையே?

என்.இ.எஸ். கிளாசிக்கின் வயர் சுமார் 76 செ.மீ.தான். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தால்தான் ஆட முடியும். சூப்பர் என்.இ.எஸ். கிளாசிக்கில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டராக நீட்டினார்கள்.

இரண்டிலும் செருகி, நின்டெண்டோ வீ கன்ட்ரோலரின் அதே செருகி. ஆகவே வீ நன்சக்குக்கு விற்கும் நீட்டிப்பு வயர் அப்படியே பொருந்தும். வயரே வேண்டாம் என்றால் 8பிட்டோ நிறுவனத்தின் ரிசீவரைச் செருகி ப்ளூடூத் கன்ட்ரோலர் இணைக்கலாம்.

வயரை நீட்டியும் ஒரு இடைஞ்சல் மிஞ்சும். கேமிலிருந்து மெனுவுக்குத் திரும்ப, கன்சோலில் இருக்கும் ரீசெட் பட்டனை எழுந்துபோய்த்தான் அழுத்த வேண்டும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திச் சேமிப்பதும் அந்த வழியாகத்தான். எனவே பத்து மீட்டர் வயர் வாங்குவதைவிட, நீளமான எச்டிஎம்ஐ வயர் வாங்கிக் கன்சோலையே சோபா பக்கம் கொண்டுவருவது புத்திசாலித்தனம்.

டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே பவர் கொடுக்கலாமா?

பெரும்பாலும் ஓடும். ஆனால் டிவியை அணைத்ததும் கன்சோலும் அணைந்து, சேமிக்காத ஆட்டம் போய்விடும். பழைய போன் சார்ஜர், 5 வோல்ட் 1 ஆம்பியர், போதும். பல பெட்டிகளில் சார்ஜர் வராது, வயர் மட்டும்தான்.

படம் மங்கலாகத் தெரிகிறது, ஏன்?

மினிகள் பெரும்பாலும் 720பி-யில்தான் படம் தருகின்றன. பழைய கன்சோலின் படத்தில் 240 வரிகள். 240-ஐ மூன்றால் பெருக்கினால் சரியாக 720. அதுவரை ஒவ்வொரு பிக்சலும் ஒரே உயரம். அந்தப் படம் 1080 வரி கொண்ட டிவிக்குப் போகும்போது ஒன்றரை மடங்கு பெருக்க வேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று இல்லாததால் டிவி பக்கத்து வரிகளைக் கலந்து பூசுகிறது. மங்கல் அங்கேதான் பிறக்கிறது. 4கே டிவியில் 2160 வரிகள், 720-க்குச் சரியாக மூன்று மடங்கு. அங்கே கணக்கு ஒத்துப்போகும், டிவி தானாக மென்மைப்படுத்தாமல் இருந்தால்.

செய்ய வேண்டியது: டிவியின் ஷார்ப்னஸைக் குறையுங்கள், படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். எமுலேட்டரில் இந்தச் சிக்கலே வேண்டாம். ரெட்ரோஆர்ச்சின் ஸ்கேலிங் அமைப்பில் இன்டிஜர் ஸ்கேல் என்பதை இயக்கினால், 1080 டிவியில் படத்தை நான்கு மடங்காக 960 வரிக்குப் பெருக்கி, மேலும் கீழும் 60 வரி கறுப்பு விடும். கூர்மை கத்தி போல இருக்கும்.

பட்டனை அழுத்தினால் தாமதமாகக் குதிக்கிறது. எது குற்றவாளி?

பெரும்பாலும் டிவி. முதலில் கேம் மோடை இயக்குங்கள். மற்ற எல்லா மாற்றங்களையும்விட இது ஒன்றே பெரிய வித்தியாசம் தரும். அதன்பின் ப்ளூடூத்தை விட்டு வயர் கன்ட்ரோலரில் சோதியுங்கள்.

அதற்குப் பிறகும் மிச்சமிருப்பதைக் குறைக்க மினியில் வழி கிடையாது. ரெட்ரோஆர்ச்சில் உண்டு, அதன் பெயர் ரன்-அஹெட். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. கேமின் நிரலே, பட்டன் அழுத்தியதை ஓரிரு படங்கள் கழித்துத்தான் திரையில் காட்டும். அசல் கன்சோலிலும் அப்படித்தான். ரன்-அஹெட் அந்தப் படங்களை மறைவாக முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, விளைவை உடனே காட்டிவிடுகிறது. அதாவது ஒழுங்காக அமைத்த எமுலேட்டர், அசலைவிடவும் வேகமாகப் பதில் சொல்லக்கூடும்.

எத்தனை படம் என்று ஊகிக்காதீர்கள், எண்ணுங்கள். கேம் ஓடும்போது விசைப்பலகையில் பி எழுத்தை அழுத்தி நிறுத்துங்கள். கன்ட்ரோலரில் குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, கே எழுத்தை ஒவ்வொரு தடவையாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு படம் நகரும். மூன்றாவது தட்டில் பாத்திரம் குதித்தால், ரன்-அஹெட் 2. எண்ணியதிலிருந்து ஒன்று கழித்தால் விடை. அதற்கு மேல் வைத்தால் அசைவின் முதல் படங்கள் காணாமல் போகும், குதிப்பது வெட்டுவெட்டாகத் தெரியும். கேமுக்குக் கேம் எண் மாறும். அந்தந்த கேமுக்கே சேமித்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டருக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

கணினி இருந்தால் கன்ட்ரோலர் ஒன்று மட்டும். பழைய கணினி சும்மா கிடக்கிறதா? எமுலேட்டர்களோடு வரும் இயங்குதளமான படோசெராவைப் பென் டிரைவில் எழுதி, பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால், உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே அது கேம் பெட்டியாகிவிடும். பென் டிரைவைக் கழற்றினால் பழையபடி கணினி.

டிவிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் சிறு பெட்டி வேண்டுமென்றால் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி. 2 ஜிபி ரகம் போதும். அதோடு 5 வோல்ட் 3 ஆம்பியர் யுஎஸ்பி-சி சார்ஜர், 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ வயர் (சாதா எச்டிஎம்ஐ நுழையாது), சூடு தணிக்கும் பெட்டி, யுஎஸ்பி கன்ட்ரோலர்.

அமைக்கும் முறை இது. கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜரைத் திறந்து, கேம்களுக்கான பிரிவில் ரெட்ரோபை என்ற எமுலேட்டர் தொகுப்பைத் தேர்ந்து கார்டில் எழுதுங்கள். கார்டை ராஸ்பெர்ரி பையில் போட்டு, டிவி வயரை சார்ஜர் துளைக்குப் பக்கத்திலிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருகிய பிறகு பவர் கொடுங்கள். கன்ட்ரோலர் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கேட்கும்; உங்களிடம் இல்லாத பட்டன் வந்தால் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் தாண்டிவிடும். ஃபாட்32 வடிவிலான பென் டிரைவில் ரெட்ரோபை (retropie) என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டுச் செருகுங்கள். விளக்கு மினுக்குவது நின்றதும் எடுத்துக் கணினியில் பாருங்கள், கன்சோல் வாரியாக ஃபோல்டர்கள் உருவாகியிருக்கும். கேம்களை அதனதன் ஃபோல்டரில் போட்டு மறுபடி ராஸ்பெர்ரி பையில் செருகினால் தானே நகலெடுத்துக்கொள்ளும். முடிந்ததும் மெனுவை மறுதொடக்கம் செய்தால்தான் பட்டியலில் தெரியும். கேமை விட்டு வெளியே வர ஸ்டார்ட், செலக்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

ராஸ்பெர்ரி பையில் அடிக்கடி என்ன கெடும்?

பவர், கார்டு. திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை. வேகம் தானாகக் குறையும், சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். போன் சார்ஜரும் மெல்லிய வயரும்தான் வழக்கமான காரணம். கார்டு கெடுவது, மெனுவில் ஷட்டவுன் கொடுக்காமல் சுவிட்சை அணைப்பதால். எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போனால் கோப்பமைப்பு உடையும், மறுநாள் பை எழாது. எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய அன்றே கார்டை முழுதாகக் கணினியில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

மினி கன்சோல்களுக்கு இந்தக் கவலை இல்லை. சுவிட்சைத் தள்ளினால் அணையும், அவ்வளவுதான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

பிளேஸ்டேஷன் கேம் திறந்ததும் கறுப்புத் திரை?

முதல் சந்தேகம் பயாஸ், அதாவது கன்சோலைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள். அது 512 கேபி கோப்பு, பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் எமுலேட்டர் கண்டுகொள்ளாது. அடுத்து, டிஸ்கின் தரவு இருக்கும் பின் (.bin) கோப்பை மட்டும் நகலெடுத்து கியூ (.cue) கோப்பை விட்டிருப்பீர்கள். கியூ என்பது டிஸ்கில் எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிறு உரைக்கோப்பு. பின் கோப்பின் பெயரை மாற்றினால் அதற்குள்ளும் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து சிஎச்டி என்ற ஒரே கோப்பாகச் சுருக்கிவிட்டால் இந்தக் குழப்பமே வராது, இடமும் மிச்சம். ஜிப் செய்து போடாதீர்கள். அந்த வசதி என்.இ.எஸ். போன்ற சிறிய கேம்களுக்கு.

ஆர்கேட் கேம்கள் மட்டும் ஓட மறுக்கின்றனவே?

ஆர்கேட் கோப்புத் தொகுப்பும் எமுலேட்டர் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். மேம் 2003 என்ற ஆர்கேட் எமுலேட்டருக்கு 0.78 தொகுப்பு, வேறு தொகுப்பிலிருந்து எடுத்த ஜிப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கோப்புகள் வேறாக இருக்கலாம். இங்கே ஜிப்பைப் பிரிக்கவும் கூடாது, பெயர் மாற்றவும் கூடாது.

மினி கன்சோலில் கூடுதல் கேம் ஏற்ற முடியுமா?

முடியும். நின்டெண்டோ மினிகளுக்கு ஹக்சி2 சிஇ என்ற விண்டோஸ் மென்பொருள். கன்சோலை அணைத்து, கணினியோடு யுஎஸ்பி வயரால் இணைத்து, கெர்னல் மெனுவில் இன்ஸ்டால் கொடுத்து, ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட வேண்டும். கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் வயரை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் வயரில் டேட்டா போகாது. உள்ளே மிச்சமிருக்கும் இடம் சுமார் 300 எம்பி. ஒரு சூப்பர் என்.இ.எஸ். கேம் அதிகபட்சம் 6 எம்பி என்பதால் தாராளம், ஆனால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சேமிப்புக்கே இடமில்லாமல் கன்சோல் பிழைக்குறி காட்டி நிற்கும். இந்த மாற்றத்தால் ஒரு நன்மை: செலக்டையும் கீழ்த் திசையையும் சேர்த்துப் பிடித்தால் மெனு வரும், ரீசெட்டுக்காக எழுந்து போக வேண்டாம்.

பிளேஸ்டேஷன் கிளாசிக்குக்கு ஆட்டோபிளீம், ப்ராஜெக்ட் எரிஸ். பென் டிரைவை இரண்டாவது கன்ட்ரோலர் துளையில் செருகுவார்கள். அந்தத் துளை தரும் மின்சாரம் சுமார் 100 மில்லி ஆம்பியர்தான். வேகமான யுஎஸ்பி 3 டிரைவ்கள் பல அங்கே உயிர் பெறாது. பழைய யுஎஸ்பி 2 டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

எமுலேட்டர் சட்டப்படி சரியா?

அமெரிக்காவில் எமுலேட்டர் மென்பொருள் எழுதுவது தவறில்லை என்பதற்கு வலுவான முன்னுதாரணம், சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் இடையே 2000-இல் வந்த தீர்ப்பு. கேம் கோப்பும் பயாஸும் வேறு கதை; அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு, இணையத்தில் இறக்குவது உரிமை மீறல். "பழையதுதானே" என்பது சட்டத்தில் செல்லாது.

சொந்த டிஸ்க் இருந்தால் சாதாரண சிடி டிரைவே போதும், பின்-கியூ வடிவில் நகலெடுக்கலாம். கார்ட்ரிட்ஜ் என்றால் ரெட்ரோட் போன்ற படிப்பான் தேவை. சொந்தப் பொருளை நகலெடுப்பதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். பழைய கன்சோல்களுக்காகவே இன்றும் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஹோம்ப்ரூ கேம்களும் உண்டு. எமுலேட்டரைச் சோதிக்க அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

"10,000 கேம்கள், 4கே" என்று மலிவாக விற்கும் ஸ்டிக்?

வேண்டாம். 4கே என்பது அட்டைப்பெட்டியில் மட்டும். ஒரே கேமை நாலு பெயரில் எண்ணியிருப்பார்கள், கார்டு சில மாதங்களில் செத்துப்போகும் ரகம், கேம்களில் எதற்கும் உரிமம் கிடையாது. காசு கொடுத்தும் மினியின் நன்மை ஒன்றுகூடக் கிடைக்காது.

பழைய மினி வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பக்கம் பாருங்கள். அசல் என்.இ.எஸ். கிளாசிக்கில் எச்டிஎம்ஐ, மைக்ரோ யுஎஸ்பி இரண்டே துளைகள். மஞ்சள், வெள்ளை ஏவி துளைகள் இருந்தால் பார்த்த மாத்திரத்தில் போலி. மெனுவில் 30 கேம்களுக்கு மேல் இருந்தால் போலி, அல்லது யாரோ மாற்றியது, விற்பவரிடம் கேளுங்கள். உற்பத்தி நின்றுபோனதால் விற்பவர் வாய்க்கு வந்த விலை சொல்வார். வெளியான காலத்து விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டால் விட்டுவிட்டு ராஸ்பெர்ரி பை பக்கம் வாருங்கள்.

துப்பாக்கியால் திரையைச் சுடும் கேம்கள்?

அசல் துப்பாக்கி, பழைய குழாய் டிவி ஒளிக்கற்றை வரையும் நேரத்தை நம்பி வேலை செய்தது. எல்சிடி திரை படத்தைத் தாமதித்து, வேறு விதமாகக் காட்டுவதால் அது குறியைக் காணாது. என்.இ.எஸ். கிளாசிக் பட்டியலில் டக் ஹன்ட் இல்லை. எமுலேட்டரில் ஆட, திரையைச் சுற்றி வெள்ளைச் சட்டம் வரைந்து அதைக் கேமராவால் பார்க்கும் சின்டன் துப்பாக்கி உதவும். டிவியின் வெளிச்சத்தைக் கூட்டி, எதிர்ப்பக்க விளக்கை அணைத்துவிட்டு அளவீடு செய்யுங்கள். திரையில் விளக்கின் பிரதிபலிப்பு விழுந்தால் சட்டத்தின் மூலையை அது தவறவிடும்.